பழக்கம் பரிசோதனை ஆகாது: இணையவழி அறிமுகங்களும் பாலியல் நலமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த ஆண்டு உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், டேட்டிங் செயலிகள் வழியே சந்திக்கும் ஆண்களும் பெண்களும் எதிர்கொள்ளும் பாலியல் நல இடர்கள். இதையெல்லாம் மேடையில் பேசலாமா என்ற தயக்கம் அவையில் சிலருக்கு இருக்கலாம். பேசியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வயதுவந்த இருவர் மனமொத்துப் பழகுவதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. அவர்கள் நோயின்றி வாழ வேண்டும். அவர்களுக்குப் பிறக்கும் குழந்தை நோயின்றிப் பிறக்க வேண்டும். மருத்துவத் துறையைச் சேர்ந்த எனக்கு அதுதான் கவலை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டைப் பாருங்கள். கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், டிரைக்கோமோனியாசிஸ் ஆகிய நான்கு தொற்றுகள் மட்டும் 2020-ஆம் ஆண்டில் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களிடம் 37 கோடியே 40 லட்சம் முறை புதிதாகத் தொற்றியிருக்கின்றன. நாளொன்றுக்குப் பத்து லட்சத்துக்கு மேல். இந்த நான்குமே மருந்தால் குணமாகக்கூடியவை. கைவசம் மருந்து இருந்தும் நோய் இந்த அளவுக்குப் பரவுகிறது என்றால், மருந்துக் கடைக்கு வெளியே எங்கோ கோளாறு இருக்கிறது. அதைத் தேடுவதே இந்த உரையின் வேலை.

இடையாள் இல்லாத அறிமுகம்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகச் சமூகவியலாளர் மைக்கேல் ரோசன்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 2017-ல் சந்தித்த ஆண்-பெண் இணைகளில் 39 சதவீதம் பேர் இணையம் வழியே சந்தித்தவர்கள். 2009-ல் இது 22 சதவீதமாக இருந்தது. நண்பர்கள் மூலம் சந்தித்தவர்களின் பங்கு, 1995-ல் இருந்த 33 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கிவிட்டது. டிண்டர் செயலி வந்தது 2012-ல்தான். ஒரு தலைமுறைக்குள், துணை தேடும் வழியே மாறிவிட்டது.

இந்த மாற்றத்தில் நல்லதும் உண்டு. சாதி, ஊர், உறவு என்ற வேலிகளைத் தாண்டி மனிதர்கள் சந்திக்கிறார்கள். விவாகரத்தானவர்கள், துணையை இழந்தவர்கள், ஊர்விட்டு ஊர் வந்து தனியாக வேலை பார்ப்பவர்கள் ஆகியோருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் நண்பர் ஒருவர் அறிமுகம் செய்துவைக்கும்போது, இருவருக்கும் பொதுவாக ஓர் ஆள் இருக்கிறார். ஏதேனும் சிக்கல் வந்தால் அவர் வழியாகச் சேதி போகும். செயலியில் அந்த ஆள் இல்லை. அதோடு, ஒன்றோடொன்று தொடர்பே இல்லாதிருந்த வட்டங்களைச் செயலி இணைத்துவிடுகிறது. ஒரு சிறிய வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்த கிருமிக்கு வெளியே போக வழி கிடைக்கிறது. வாழ்நாளில் இரண்டே பேரோடு பழகிய ஒருவர்கூட, அந்த இருவர் வழியே தான் அறியாத பெரிய வலைக்குள் வந்துவிடுகிறார்.

இதற்குச் சான்று உண்டா? துணை தேடுவோரின் விளம்பரங்களும் இடம்பெற்ற அமெரிக்காவின் கிரெய்க்ஸ்லிஸ்ட் விளம்பரத் தளம் ஒரே நாளில் நாடு முழுவதும் வந்துவிடவில்லை. நகரம் நகரமாகத் தொடங்கப்பட்டது. அது வந்த ஊர்களையும் வராத ஊர்களையும் ஒப்பிடுவதற்கு அதனால் வாய்ப்புக் கிடைத்தது. ஜேசன் சான், அனிந்திய கோஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 1999 முதல் 2008 வரை 33 மாநிலங்களின் தரவை எடுத்து ஆராய்ந்தார்கள். அந்தத் தளத்தின் வரவோடு எச்.ஐ.வி. தொற்று 15.9 சதவீதம் கூடியது என்பது 2014-ல் வெளியான அவர்களின் முடிவு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2015-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநில சுகாதாரத் துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. முந்தைய ஒரே ஆண்டில் அங்கே சிபிலிஸ் 79 சதவீதமும் கொனோரியா 30 சதவீதமும் கூடியிருந்தன. சமூக வலைத்தளங்கள் வழியே ஏற்படும் திடீர்ச் சந்திப்புகளையும் அத்துறை ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. அதே துறை, பரிசோதனை செய்துகொள்வோர் அதிகமானதையும் இன்னொரு காரணமாகச் சொன்னது. ஆகவே எல்லாப் பழியையும் கைப்பேசியின் தலையில் போட முடியாது. செயலி கிருமியை உண்டாக்குவதில்லை. அது சந்திப்பை வேகமாக்குகிறது. அந்த வேகத்துக்கு ஈடாக நம் பேச்சும் பரிசோதனையும் வளரவில்லை.

"என்னை நம்பலையா?"

இருவர் செயலியில் ஒருவரையொருவர் விரும்பி மேட்ச் ஆகிறார்கள். முதலில் படம், பாட்டு என்று பேச்சு தொடங்குகிறது. பிறகு "சாப்டாச்சா?" என்று தினமும் விசாரிப்பு. அலுவலகத்தில் மேலாளரோடு நடந்த சண்டை, அம்மாவின் சர்க்கரை நோய், பள்ளிக்கூடத்து நட்பு என எல்லாம் பகிரப்படுகிறது. இரண்டு வாரத்தில், வருடக்கணக்கில் தெரிந்தவர் போன்ற உணர்வு வந்துவிடுகிறது. நேரில் சந்திக்கும்போது அவர் அந்நியராகத் தோன்றுவதில்லை. நெருக்கம் உறவாக மாறும் அந்த நேரத்தில், "காண்டம் இருக்கா?" என்று ஒருவர் கேட்டால் மற்றவர் கேட்பது, "ஏன், என்னை நம்பலையா?"

அந்தக் கேள்வியில்தான் பெரும் இடர் இருக்கிறது. நம்பிக்கை என்பது ஒருவருடைய குணத்தைப் பற்றியது. தொற்று என்பது அவருடைய உடலைப் பற்றியது. ஒன்றைக் கொண்டு இன்னொன்றை அளக்க முடியாது.

சிபிலிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பெரியவர்கள் மேகநோய் என்று சொன்னவற்றுள் இதுவும் ஒன்று. கிருமி உள்ளே போய் 10 முதல் 90 நாளுக்குள், சராசரியாக மூன்று வாரத்தில், புண் ஒன்று வரும். அந்தப் புண் வலிக்காது. ஆணுக்கு வெளியே தெரியக்கூடும். பெண்ணுக்குக் கருப்பை வாயிலோ உட்பக்கத்திலோ வந்தால் அவருக்கே தெரியாது. சிகிச்சை எதுவும் செய்யாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். "சரியாகிவிட்டது" என்று அவர் நினைப்பார். சில வாரம் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத தடிப்புகள் வரலாம். அதுவும் தானாக மறையும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் உடலுக்குள் பதுங்கியிருந்து இதயத்தையும் மூளையையும் தாக்கும் வல்லமை அந்தக் கிருமிக்கு உண்டு. கிளமிடியா இன்னும் அமைதியானது. தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. கருக்குழாய் அடைபட்டுக் குழந்தையின்மைக்கான சிகிச்சைக்குப் போகும்போதுதான் பலருக்குத் தெரியவரும்.

ஆகவே "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்பவர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டியதில்லை. அவருக்கே தெரியாது. மிக நேர்மையான, மிக அன்பான ஒருவரிடமிருந்தும் தொற்று வரலாம். பழக்கம் பரிசோதனை ஆகாது. ஆணுறை கேட்பதும் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று கேட்பதும் சந்தேகத்தின் அடையாளம் என்ற எண்ணம் போனாலொழிய, எந்த மருத்துவமனையாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

கேட்கக் கற்றவர்கள், கேட்காதவர்கள்

1999-ல் சான் பிரான்சிஸ்கோவில் சிலருக்கு சிபிலிஸ் கண்டறியப்பட்டது. அவர்கள் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள். இணைய அரட்டை அறை ஒன்றில் தங்கள் துணைகளைச் சந்தித்தவர்கள். யாரைச் சந்தித்தீர்கள் என்று கேட்டால் திரைப்பெயர் மட்டுமே தெரிந்திருந்தது. நகரின் சுகாதாரத் துறை, அந்தச் சமூகத்தோடு நெருங்கிய இணைய அமைப்பு ஒன்றின் துணையோடு அந்த அரட்டை அறைக்குள்ளேயே எச்சரிக்கையைக் கொண்டுபோனது.

எய்ட்ஸால் எத்தனையோ நண்பர்களைப் பறிகொடுத்த சமூகம் அது. அந்த இழப்பிலிருந்து, உடல்நலத்தைப் பற்றி வெளிப்படையாகக் கேட்கவும் சொல்லவும் கற்றுக்கொண்டது. அவர்கள் பயன்படுத்தும் கிரைண்டர் செயலியில் 2016 முதல், கடைசியாகப் பரிசோதனை செய்த தேதியை விருப்பம் இருந்தால் குறிப்பிடலாம். 2018-ல், குறித்த இடைவெளியில் பரிசோதனையை நினைவூட்டும் வசதியும் வந்தது. அதே ஆண்டில், பயனர்களின் எச்.ஐ.வி. விவரம் வெளி நிறுவனங்களோடு பகிரப்பட்டதும் அம்பலமாகிக் கடும் கண்டனம் எழுந்தது. நலத் தகவலைக் கேட்கும் செயலி அதைக் காப்பாற்றவும் கடமைப்பட்டது என்பதை அந்த நிகழ்வு உலகுக்கு உணர்த்தியது.

ஆண்-பெண் உறவுக்கான செயலிகளின் கதை வேறு. 2015 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் எய்ட்ஸ் ஹெல்த்கேர் ஃபவுண்டேஷன் பெரிய விளம்பரப் பலகைகளை வைத்தது. நான்கு நிழலுருவங்கள், அவற்றின் மேல் டிண்டர், கிளமிடியா, கிரைண்டர், கொனோரியா என்ற நான்கு பெயர்கள். டிண்டர் நிறுவனம் உடனே வழக்கறிஞர் கடிதம் அனுப்பி, பலகையிலிருந்து தன் பெயரை நீக்கச் சொன்னது. சில மாதம் கழித்து, 2016 ஜனவரியில், அதே நிறுவனம் தன் தளத்தில் உடல்நலப் பகுதியைச் சேர்த்து, அருகிலுள்ள பரிசோதனை மையத்தைத் தேடும் இணைப்பைக் கொடுத்தது. வாதம் செய்து பெற்ற சிறிய வெற்றி அது. எதிர்பாலினத்தவரோடு பழகும் பெரும்பான்மையோர் "இது நமக்கு வராத நோய்" என்று இன்னும் நினைத்துக்கொண்டிருப்பதால், அப்படியொரு வசதியைக் கேட்டு அவர்களிடமிருந்து குரல் எழவில்லை.

நாற்பதைக் கடந்தவர்கள்

செயலி என்றதும் இளைஞர்கள் நினைவுக்கு வருவார்கள். ஆனால் பாதுகாப்புக் குறைவாக இருப்பது பல நேரங்களில் நடுவயதுக்காரர்களிடம். ஆஸ்திரேலியாவில் டெபோரா பேட்சன் குழுவினர், இணையத் துணைதேடல் சேவையைப் பயன்படுத்தும் பெண்களிடம் நடத்திய ஆய்வு 2012-ல் வெளியானது. புதிய துணை ஆணுறை வேண்டாம் என்றால் உறவை மறுக்கும் உறுதி, இளையவர்களைவிட 40 வயதைக் கடந்த பெண்களிடம் குறைவாக இருந்தது.

காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. இருபது ஆண்டு மணவாழ்வு முடிந்து மீண்டும் துணை தேட வருபவருக்கு ஆணுறை என்றால் கருத்தடைச் சாதனம்தான். கருத்தடை அறுவை ஏற்கெனவே செய்துகொண்டவர், மாதவிடாய் நின்றவர் "இனி எதற்கு?" என்று நினைப்பார். தனிமைக்குப்பின் கிடைத்த அன்பை, ஒரு கேள்வி கேட்டு இழந்துவிடுவோமோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்ளும். மருத்துவர்களும் இவர்களிடம் ரத்த அழுத்தம் கேட்பார்கள், சர்க்கரை கேட்பார்கள். பாலியல் நலம் பற்றி வாய் திறப்பதில்லை. இங்கே இருக்கும் மருத்துவ மாணவர்களிடம் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: ஐம்பது வயதுக்காரரிடமும் அந்தக் கேள்வியை மரியாதையோடு கேளுங்கள்.

அறுந்துபோகும் சங்கிலி

பால்வினை நோய் மருத்துவத்தில் நோயாளிக்கு மருந்து கொடுப்பது பாதி வேலை. அவருடைய துணைக்குச் சேதி சொல்லி அவரையும் சிகிச்சைக்கு அழைப்பது மறுபாதி. துணைக்குச் சிகிச்சை இல்லையென்றால் குணமானவருக்கே மீண்டும் தொற்றும்.

இப்போது புறநோயாளிப் பிரிவில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். சிபிலிஸ் உறுதியான இளைஞரிடம், கடந்த மூன்று மாதத்தில் யாரோடு உறவு இருந்தது என்று ஆலோசகர் கேட்கிறார். அவர் கைப்பேசியை எடுத்துத் தேடுகிறார். செயலியில் இருந்த பெயர் உண்மைப் பெயர்தானா என்பது தெரியாது. தொலைபேசி எண் வாங்கவில்லை. எதிர்த்தரப்பில் இருந்தவர் மேட்சை நீக்கிவிட்டதால் உரையாடல் முழுவதும் காணாமல் போயிருக்கிறது. தொல்லை தருபவரிடமிருந்து பயனர்களை, குறிப்பாகப் பெண்களை, காப்பாற்ற அப்படி நீக்கும் வசதி அவசியம். ஆனால் அதே வசதி, சொல்லியாக வேண்டிய ஒரு சேதியையும் தடுத்துவிடுகிறது. எங்கோ ஒரு பெண் தனக்குத் தொற்று இருப்பதை அறியாமல் நாளைக் கடத்துகிறார்.

இதற்குத் தொழில்நுட்பத்திலேயே தீர்வு உண்டு. பெயர் தெரியாமலே, "உங்களோடு அறிமுகமான ஒருவருக்குத் தொற்று உறுதியாகியுள்ளது, பரிசோதனை செய்துகொள்ளுங்கள்" என்ற செய்தியை, நீக்கப்பட்ட மேட்சுக்கும் கொண்டுசேர்க்கச் செயலிகளால் முடியும். மிரட்டலுக்கு அது பயன்படாதபடி, மருத்துவமனை உறுதிசெய்த பின்னரே அனுப்பும் முறையையும் வகுக்க முடியும். அரசுகள் இதைக் கேட்க வேண்டும்.

குழந்தை தரும் விலை

இதைத் தனிமனிதர் விவகாரம் என்று ஒதுக்க முடியாததற்குக் காரணம் பிறவி சிபிலிஸ். தாயிடமிருந்து கருவில் இருக்கும் குழந்தைக்குப் போகும் இந்த நோயால் கருச்சிதைவு நேரலாம். குழந்தை இறந்து பிறக்கலாம். எலும்பும் கண்ணும் காதும் பாதிக்கப்படலாம். அமெரிக்காவில் 2022-ல் இப்படி 3,700-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பதிவானார்கள். 2012-ஐவிட இது பத்து மடங்குக்கு மேல். உரிய நேரத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் கிடைத்திருந்தால் ஏறத்தாழ 90 சதவீதத்தைத் தவிர்த்திருக்கலாம் என்கிறது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம்.

ஜப்பானின் அனுபவம் மனத்தை உலுக்குகிறது. சிபிலிஸுக்கு முதல் பயனுள்ள மருந்தான 606 என்ற சால்வர்சானை ஜெர்மன் மருத்துவ ஆய்வாளர் பால் எர்லிக்கோடு சேர்ந்து கண்டறிந்தவர் ஜப்பானியரான சஹாச்சிரோ ஹதா. இந்நோய்க் கிருமி மூளையைத் தாக்குவதை 1913-ல் நிரூபித்தவர் ஹிதேயோ நொகுச்சி. 2004 முதல் 1,000 யென் நோட்டில் இருபது ஆண்டுகள் இருந்தது அவர் முகம். அப்படிப்பட்ட நாட்டில் 2010-ல் 621 ஆக இருந்த சிபிலிஸ் பதிவு, 2022-ல் 13,000-ஐத் தாண்டியது. இந்தப் பெருக்கத்தில் பெரும்பகுதி ஆண்-பெண் உறவு வழியே வந்தது. பெண்களில் இருபது வயதுகளில் இருப்பவர்களே மிகுதி. பாலியல் தொழில் சார்ந்த பரவலோடு, அறிமுகச் செயலிகளின் பங்கையும் அங்குள்ள மருத்துவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். ஆரம்ப நிலை சிபிலிஸைக் குணப்படுத்த 24 லட்சம் யூனிட் பென்சாத்தின் பெனிசிலின் ஒரே முறை ஊசியாகப் போட்டால் போதும். உலகெங்கும் புழங்கிய அந்த ஊசிக்கு ஜப்பான் 2021-ல்தான் அனுமதி தந்தது. அதுவரை அங்கே வாரக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டியிருந்தது. மறைந்த நோய் என்று எண்ணி அயர்ந்திருந்தால், செல்வமும் அறிவும் நிறைந்த நாடும் இப்படித்தான் தடுமாறும்.

சென்னை காட்டிய வழி

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. "நம் நாட்டில் அந்த நோய்க்கு இடமில்லை" என்று பலரும் நம்பிய காலம் அது. மாணவியின் விடாமுயற்சி அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. அதன்பின் தமிழ்நாடு கண்ணை மூடிக்கொள்ளவில்லை. 1994-ல் நாட்டிலேயே முதலாவதாக மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தை அமைத்தது. சுவரெங்கும் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தின் கற்பனைப் பாத்திரமான புள்ளிராஜா வந்தார்; பேருந்திலும் டீக்கடையிலும் ஆணுறை பற்றிப் பேச்சு நடந்தது. பேசியதால் பண்பாடு கெட்டுப்போகவில்லை. உயிர்கள் பிழைத்தன.

டாக்டர் சுனிதி சாலமன் இன்னொன்றும் செய்தார். தம்முடைய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தில், எச்.ஐ.வி.யோடு வாழும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வரன் பார்த்துத் திருமணம் நடத்திவைத்தார். மதம், படிப்பு, வேலை என்று எல்லாத் திருமணத்திலும் பார்ப்பதை அங்கேயும் பார்த்தார்கள். அதோடு, இருவரின் ரத்தப் பரிசோதனை விவரமும் முதல் சந்திப்பிலேயே மேசையில் இருந்தது. குழந்தை பெறலாமா, மருந்தை எப்படித் தவறாமல் எடுப்பது என்று இருவரும் தொடக்கத்திலேயே பேசினார்கள். உடல்நலத்தைப் பற்றிய பேச்சு காதலைக் கொல்லும் என்று நினைப்பவர்களுக்கு அந்தத் தம்பதிகளே பதில்.

நாம் இன்று செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதிய துணையோடு உறவு தொடங்கும்போது இருவரும் சேர்ந்து பரிசோதனைக்குப் போகலாம். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். 1097 என்ற எண்ணில் கட்டணமின்றி விளக்கம் கேட்கலாம். உறவு நடந்த மறுநாளே சோதித்து நிம்மதி அடைய முடியாது; எச்.ஐ.வி. தெரியச் சில வாரங்களும் சிபிலிஸ் தெரிய மூன்று மாதம் வரையும் ஆகலாம். அதுவரை ஆணுறையை விடக் கூடாது. எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற அச்சம் எழுந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 28 நாள் எடுக்கும் தடுப்பு மருந்து உண்டு. ஹெபடைடிஸ்-பி, எச்.பி.வி. இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. எச்.ஐ.வி. உள்ளவர் தவறாமல் மருந்து எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையைத் தக்கவைத்தால், உறவு வழியே அவரிடமிருந்து தொற்றாது. இதைத் துணை தேடும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

பரிசோதனையைக் கட்டாயமாக்கச் சொல்லும் குரல்கள் அவ்வப்போது எழுகின்றன. அதை நான் ஏற்கவில்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம், ஒருவருடைய ஒப்புதல் இல்லாமல் சோதிப்பதையும் அவர் விவரத்தை வெளியிடுவதையும் தடுக்கிறது. அது நியாயம். கட்டாயப்படுத்தினால் மக்கள் ஒளிவார்கள், மதித்தால் வருவார்கள். அதனால்தான், திருமணமாகாத பெண் ஒருவர் பரிசோதனைக்கு வரும்போது "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று முகம் சுளிக்கும் வரவேற்பு நம் மருத்துவமனைகளில் ஒழிய வேண்டும் என்கிறேன். அந்த ஒரு கேள்விக்கு அஞ்சியே வாசலோடு திரும்புபவர்கள் உண்டு.

துணை தேடும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது இதுதான். உங்களுக்குப் பிடித்தவரிடம் "நாம ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்துக்கலாமா?" என்று நீங்களே முதலில் கேளுங்கள். உங்களிடம் யாரேனும் அப்படிக் கேட்டால் கோபப்படாதீர்கள். உங்கள் உடலையும் தன் உடலையும் மதிப்பவர்தான் அப்படிக் கேட்பார், அவரோடு பழகலாம்.